ஏழு பிட்டில் அடங்காத கடிதம்

தமிழில் இலக்கிய வரலாறு என்று ஒன்றை உண்மையாகவே எழுத முற்படுகிறவன், பிரசுரமான புத்தகங்களைப் புரட்டி முடித்த பிறகு கடிதங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களும், கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களும் அச்சில் வந்திராவிட்டால், அவர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் சித்திரம் எவ்வளவு சோகையாக இருந்திருக்கும்! டிரங்குப் பெட்டி, பரண், கொக்கிக் கம்பியில் குத்தி வைத்த கார்டுகள் என்று ஏதோ ஒரு மூலையில் அவை தப்பிப் பிழைத்தன. கறையானுக்கும் மழைக்கும் போக மிஞ்சியதுதான் நமது ஆதாரம். எனக்குத் தெரிந்த எழுத்தாளர்களின் பெட்டிகளை நான் பார்த்த வரையில், இந்த ஆதாரம் 1995க்குப் பிறகு ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்குச் சட்டென்று மெலிந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் இவர்கள் கடிதம் எழுதாமல் இல்லை. முன்னைவிட அதிகமாகவே எழுதினார்கள். டெலிபோன் கம்பி வழியாக எழுதினார்கள். அந்தக் கம்பி நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது, வந்தபோது தமிழை என்ன செய்தது என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால் இது.

அரசாங்கக் கணக்குப்படி இந்தியாவில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்த நாள் 1995 ஆகஸ்ட் 15. விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற அரசு நிறுவனம் பம்பாய், தில்லி, கல்கத்தா, மதராஸ் நகரங்களில் அதைத் துவக்கியது. அதற்கு முன்பே, 1986இலிருந்து, மின்னணுத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து ஏற்படுத்திய எர்நெட் என்ற வலை இருந்தது. ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் மையம் போன்ற இடங்களில் இருந்தவர்களுக்கு மின்னஞ்சல் பழகிய விஷயமாகியிருந்தது. மதராஸில் கிண்டியின் மரங்களுக்குள்ளே அது இருந்தது, மாம்பலத்தில் இல்லை. மாம்பலத்துக்கு வர ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. வந்தபோது கையில் விலைப் பட்டியலோடு வந்தது. 250 மணி நேரத்துக்கு, எழுத்து மட்டும் தெரியும் 'ஷெல்' கணக்கு மாணவர்களுக்கு 500 ரூபாய், மற்றவர்களுக்கு 5,000 ரூபாய். படமும் தெரிய வேண்டுமென்றால் தனிநபருக்கு 15,000 ரூபாய், கம்பெனிக்கு 25,000 ரூபாய். இதில் டெலிபோன் கட்டணம் சேர்த்தி இல்லை. நம்மில் ஒரு சிறுபத்திரிகை நடத்துகிறவன் 15,000 ரூபாய்க்கு அன்று எத்தனை இதழ்கள் கொண்டுவந்திருக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கம்பியின் மேல் உள்ள ஏகபோகம் புதிதல்ல. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம் அதை அரசாங்கத்துக்கென்று எழுதி வைத்திருந்தது. தனியார் இந்தச் சேவையை நடத்தலாம் என்ற அனுமதி 1998 நவம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் வீட்டுக்கு இண்டர்நெட் என்றால் ஒரே வாசல்தான். அந்த வாசலின் பெயர்ப்பலகையில் ஒரு வேடிக்கை உண்டு. மதராஸ் சந்தாதாரர்களின் முகவரியில், அட் குறிக்குப் பிறகு, 'ஜி ஐ ஏ எஸ் எம் டி பூஜ்யம் ஒன்று' என்று வரும். முதல் நான்கு எழுத்துகள் அந்தச் சேவையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். எம்.டி. என்பது மதராஸ். 1996இல் ஊர் சென்னை ஆயிற்று. பஸ்ஸில் மாறியது, லெட்டர்பேடில் மாறியது. முகவரியில் மட்டும் மதராஸ் அப்படியே உட்கார்ந்திருந்தது. கட்டாயத்தின் பேரில் ஆங்கிலத்தில் முகவரி வைத்துக்கொண்ட தமிழ் எழுத்தாளன், ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் இல்லாத ஓர் ஊரைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

நான் 1997இல் ஷெல் கணக்கு எடுத்தேன். பக்கத்துத் தெருவில் இருந்த இஞ்சினியரிங் மாணவர் ஒருவர் வந்து அமைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் இருந்தது விரலால் சுழற்றும் கறுப்பு டெலிபோன். மோடத்துக்கு இடும் கட்டளைகள் 1981இல் ஹேய்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மோடத்தோடு வந்தவை; அவையே பிறகு எல்லா மோடத்துக்கும் பொதுவாகிவிட்டன. 'கவனி' என்பதற்கு இரண்டு எழுத்து, 'டயல் செய்' என்பதற்கு ஓர் எழுத்து, அதன் பிறகு டி அல்லது பி. பொத்தான் டெலிபோனின் ஸ்வரத்துக்கு டி. சுழல் டெலிபோனின் துடிப்புக்குப் பி. எங்கள் எக்ஸ்சேஞ்ச் பி. ஏழு என்றால் ஏழு துடிப்பு, பூஜ்யம் என்றால் பத்துத் துடிப்பு. மோடம் அத்தனையையும் எண்ணிக்கொண்டு டக் டக் என்று தட்டி முடிக்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அதன் பிறகு அந்தச் சப்தம். அதைப் பற்றி இப்போது நிறையப் பேர் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். எனக்கு ஏக்கம் எதுவும் இல்லை; ஆனால் அந்தச் சப்தத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது. டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காக அளவெடுத்து வெட்டப்பட்ட பாதை. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரை, அவ்வளவுதான் அதன் அகலம். அந்தப் பாதையில் இயந்திரம் போக வேண்டுமானால் அது குரலாக வேஷம் போட்டாக வேண்டும். அந்தப்புரத்து மோடம் ஒரு கீச்சுக் குரல் கொடுக்கிறது, இந்தப்புரத்து மோடம் பதில் சொல்கிறது. கம்பி எவ்வளவு மோசம், எதிரொலி எவ்வளவு, எந்த வேகத்தில் பேசிக்கொள்ளலாம் என்று இரண்டும் பேரம் பேசி முடித்ததும் ஸ்பீக்கர் மௌனமாகிவிடும். அந்த நாட்களின் 9,600 பிட் வேகம் என்பது ஒரு நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள். படத்துக்கு அது ஆமை வேகம். கடிதத்துக்கோ தாராளம். நான்கு பக்கக் கடிதம் பத்து நொடிக்குள் போய்விடும். எழுத்து இவ்வளவு லேசானது என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

ஷெல் கணக்கில் மவுஸுக்கு வேலையில்லை. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. பெயர் கேட்கும், பாஸ்வேர்ட் கேட்கும். உள்ளே போனால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்த 'பைன்' என்ற நிரல். அதில்தான் கடிதம் படிப்பதும் எழுதுவதும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கம்பி இணைந்திருக்கும்போதுதான் எழுத முடியும். இணைந்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் 250 மணியிலிருந்து கழியும். டெலிபோன் மீட்டர் வேறு தனியாக ஓடும். அடித்தல் திருத்தலோடு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இடையில் எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு எழுதுகிற கடிதம் அங்கே சாத்தியமில்லை. சாமர்த்தியசாலிகள் இணைப்பு இல்லாமல் எழுதி வைத்து, இணைந்ததும் மேலே ஏற்றினார்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் நேராகவே தட்டினார்கள். வாக்கியம் சுருங்கிற்று. நலம் விசாரிப்பது உதிர்ந்தது. 'உன் கதையைப் படித்தேன், கடைசிப் பாரா வேண்டாம்' என்று ஒரு நண்பர் எனக்கு எழுதியது ஒரே வரி. கார்டில் எழுதியிருந்தால் இதற்கே அவர் ஒரு பக்கம் சுற்றி வளைத்திருப்பார். மீட்டர் தமிழனின் உபசாரத்தைக் குறைத்தது. விமர்சனத்துக்கு அது நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டுக்கு நஷ்டம் இருந்தது. ஒரே கம்பி. நான் அதில் இருக்கும் வரை ஊரிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. கூடத்தில் யாராவது ரிசீவரை எடுத்தால் என் இணைப்பு அறுந்துபோகும். என் மனைவி ரிசீவரைக் காதில் வைத்து, 'இன்னும் கரகரன்னுதான் இருக்கு' என்று சொல்லிவிட்டு வைப்பாள். கரகரப்பு என்று அவள் கேட்டது என் கடிதம். கடைசியில் இரவு பத்தரைக்கு மேல் என்று உடன்படிக்கை ஏற்பட்டது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டுகளின் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை வீட்டார் தூங்கிய பிறகு ஆண்கள் எழுதியவை என்று நான் சந்தேகிக்கிறேன். கணக்கு அவன் பெயரில், பாஸ்வேர்ட் அவன் மனத்தில், இரவும் அவனுடையது. இன்லண்ட் லெட்டர் எழுத ஒரு பெண்ணுக்கு இத்தனை அனுமதி வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் அமைத்து முடித்துவிட்டு அந்த மாணவர் சொன்னார்: 'சார், எல்லாம் ரெடி. ஆனா இதுல தமிழ் வராது சார்.' ஏதோ மழை வராது என்பது போலச் சொன்னார்.

ஏன் வராது என்பது வரலாற்றில் இருக்கிறது. 1960களில் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி என்ற எழுத்து அட்டவணையில் 128 இருக்கைகள், ஏழு பிட்டுகள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறிகள், கட்டளைகள் எல்லாம் உட்கார்ந்த பிறகு மிச்சமில்லை. 1982இல் ஜான் போஸ்டல் மின்னஞ்சல் கைமாறும் முறைக்கு விதி எழுதியபோது இந்த ஏழு பிட்டையே எல்லையாக வைத்தார். எட்டாவது பிட்டை வழியில் உள்ள எந்த இயந்திரமும் வெட்டி எறியலாம், அது குற்றமல்ல. பிரெஞ்சுக்காரனின் உச்சிக் குறிகளே இதில் தலை அறுபட்டன. ஆங்கிலம் அல்லாத எழுத்தையும், படத்தையும், சங்கீதத்தையும் ஏழு பிட்டுக்குள் மடித்து அனுப்பும் உபாயத்தை போரென்ஸ்டைன், ஃப்ரீட் என்ற இருவர் 1992இல் வகுத்தார்கள். மடித்ததைப் பிரிக்கத் தெரிந்த நிரல் எதிர்முனையில் இருந்தால் மட்டுமே அது பலிக்கும். இல்லாவிட்டால், சமன் குறியும் எண்ணும் எழுத்துமாக ஒரு பக்கம் நிறையக் குப்பை வந்து விழும்.

ஆகவே நாங்கள் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதினோம். இதில் அவமானப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தமிழ் முதன்முதலில் அச்சேறியதும் இப்படித்தான். 1554இல் லிஸ்பனில் அச்சான சிறிய ஞானோபதேசப் புத்தகத்தில் தமிழ் ரோமன் எழுத்தில் இருக்கிறது. அந்தத் தமிழைத் தந்தவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த மூன்று பரதவர்கள். தமிழ் எழுத்திலேயே தமிழை அச்சடிக்க, அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' கொண்டுவரும் வரை, 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. புது யந்திரத்தின் வாசலில் தன் எழுத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது தமிழுக்கு இரண்டாம் தடவை.

ஆனால் கழற்றி வைத்ததால் என்ன நேர்ந்தது என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். ரோமனில் வந்த கடிதத்தைக் கண்ணால் படிக்க முடியாது. ஒரே எழுத்து லகரமாகவும் ளகரமாகவும் நிற்கும். மனமா மணமா, பல்லா பாலா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் புரியும். பெரிய எழுத்தைப் போட்டு ணகரத்தைப் பிரித்துக் காட்டுகிற ஒழுங்குக்காரர்கள் உண்டு. பெரும்பாலோர் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை. நாவால் படிக்க வேண்டியிருந்ததால் நாவால் எழுதினார்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று தமிழ் எழுத்தில் எழுதுகிற அதே கை ரோமனில் 'வந்துண்டிருக்கேன்' என்றும் 'வந்துட்டிருக்கேன்' என்றும் எழுதிற்று. பேச்சு மொழியை எழுத்தில் கொண்டுவருவது பற்றி நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறோம். இங்கே யாரும் கொள்கை எதுவும் அறிவிக்காமலே, இலக்கணம் படித்த ஆசாமிகள் சாதியும் ஊரும் துலங்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுத்து என்ற சட்டையைக் கழற்றினால் உள்ளே இருப்பது பேச்சு என்பதற்கு இதைவிட நிரூபணம் தேவையில்லை.

பாரீஸில் இருந்த ஈழத்து நண்பர் ஒருவரோடு எனக்குக் கடிதப் போக்குவரத்து இருந்தது. 1983க்குப் பிறகு போனவர். தமிழ் எழுத்தில் அவர் 'ரொறன்ரோ' என்று எழுதுவார், நான் 'டொராண்டோ' என்று எழுதுவேன். ரோமனில் இருவரும் ஒரே மாதிரி எழுதினோம். இரண்டு கரைகளின் எழுத்து மரபுக்கு இடையே இருந்த அந்தக் கடல் மறைந்துவிட்டது. அதே சமயம் வேறோர் இடத்தில் அது பொங்கிற்று. யாழ்ப்பாண உச்சரிப்பில் இரட்டை றகரத்துக்கு நம்முடைய 'ட்ர' ஓசை கிடையாது. ரோமனில் அவர்கள் இரண்டு 'டி'யைப் போடுவார்கள். வெற்றிவேல் அங்கே வெட்டிவேல் ஆவதை அவர்கள் ஆங்கிலக் கையெழுத்தில் காணலாம். அவர் வெற்றி என்று எழுதியதை நான் வெட்டி என்று படித்தேன். காற்று எனக்குக் காட்டு ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் மின்சாரமே கிடையாது. தாயாருக்கு எழுதும் கடிதம் கொழும்பு போய், யார் கையிலாவது ஏறி, வாரக் கணக்கில் போய்ச் சேர வேண்டும். எனக்கு எழுதுவது மறு இரவே கிடைத்துவிடும். 'உங்களுக்குக் கதைக்கிற மாதிரி அம்மாவோட கதைக்க ஏலாது' என்று எழுதியிருந்தார், ரோமனில்.

தமிழ் எழுத்தைக் கம்பியில் ஏற்றும் முயற்சிகள் அதற்குள் நடந்துகொண்டுதான் இருந்தன. தமிழ்நாட்டில் மட்டும் என்றால் மிகக் குறைவு. 1980களிலேயே கனடாவில் கே. சீனிவாசன் 'ஆதமி' என்ற நிரலைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செய்தார். பிறகு அது 'முரசு அஞ்சல்' ஆயிற்று. ஸ்விட்ஸர்லாந்தின் லொசானில் இரசாயன ஆராய்ச்சியாளரான கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்கு மொழித் தொகுப்பு ஒன்று வலையில் ஏறியபோது தமிழும் தமிழாகவே ஏறியது. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் பெரிய ஸ்தாபனம் எதுவும் இல்லை. மாலையில் வேலை முடிந்து வந்து, கைக்காசு போட்டு, பத்துப் பேருக்குப் பயன்பட்டால் போதும் என்று செய்கிற காரியம். இந்த ஜாதியை நமக்கு நன்றாகத் தெரியும். இருநூறு பிரதி அச்சடிக்கிற ஜாதி.

சிறுபத்திரிகைக்காரர்களின் வியாதியும் அவர்களிடம் இருந்தது: ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. சிலர் ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலேயே தமிழை உட்கார வைத்தார்கள். கடிதம் வழியில் சேதப்படாது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாதவனுக்கு அது ஆங்கிலப் பிதற்றல், இருப்பவனுக்கோ நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லெல்லாம் தமிழ்ப் பிதற்றல். வேறு சிலர் எட்டாவது பிட்டைத் திறந்தால் கிடைக்கும் இன்னொரு 128 இருக்கைகளைப் பிடித்தார்கள். அங்கேயும் ஒருவரின் ககரம் உட்கார்ந்த இடத்தில் இன்னொருவரின் மகரம். 1997இல் சிங்கப்பூரில் கூடிப் பேசினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் அரசாங்கம் மாநாடு நடத்தி, தமிழுக்கு மட்டும் ஒரு அட்டவணை, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்ததற்கு ஒன்று, பொது விசைப்பலகை ஒன்று என்று முடிவு செய்தது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். கேலிக்கூத்து என்னவென்றால், உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு அட்டவணையில் 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது, 1988ஆம் வருஷத்து இந்திய அரசாங்க அட்டவணை ஒன்றை அடியொற்றி. மதராஸில் முதல் வீட்டு இணைப்பு வருவதற்கு நாலு வருஷம் முன்பே நாற்காலி போட்டாயிற்று. ஆனால் அந்த நாற்காலியைத் தெரிந்த கம்ப்யூட்டர் 'விண்டோஸ் 2000' வரும் வரை நம் மேஜைகளில் இல்லை. தமிழ் தமிழாகவே தடையின்றிப் போக ஆரம்பித்த காலத்தில் மோடத்தின் கீச்சுக் குரல் ஓய்ந்துகொண்டிருந்தது. 2002இல் விதேஷ் சஞ்சார் நிகாம் டாடாவின் கைக்குப் போயிற்று. 2005இல் பிராட்பேண்ட் வீடுகளுக்குள் வந்தது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். தன் டெலிபோன் இணைப்பை 2025 செப்டம்பர் 30இல்தான் மூடியது.

இப்போது அந்தக் கடிதங்கள் எங்கே? ஷெல் கணக்கின் கடிதங்கள் சந்தாதாரன் வீட்டில் இருக்கவில்லை. வாசலுக்குள்ளே இருந்த பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன. கணக்குக் காலாவதியானால் அலமாரியும் போகும். இறக்கி வைத்துக்கொண்டவர்களின் பிளாப்பிகளில் பூஞ்சை. பூஞ்சை பிடிக்காதவற்றிலோ, எந்த எழுத்துருவில் எழுதியது என்று எழுதியவனுக்கே நினைவில்லாத எண்கள். கறையான் ஒரு கடிதத்தைத் தின்றால் ஓரத்திலிருந்து தின்னும், நடுவில் நாலு வரி மிஞ்சும். இது அப்படி மிச்சம் வைப்பதில்லை. நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் ஓலைச்சுவடிக்குக் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை இந்தப் பத்து வருஷக் கடிதங்களுக்குக் காட்டினால், மறைந்த நாலைந்து எழுத்தாளர்களின் கம்ப்யூட்டர்களையாவது பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் நிறுத்தலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை; அவர்கள் குடும்பங்களை நமக்கெல்லாம் தெரியும்.

பாரீஸ் நண்பரின் கடிதங்களில் 41 என்னிடம் பிழைத்திருக்கின்றன. திரையில் படித்தால் கண் வலிக்கிறதென்று அவற்றை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில், அச்செடுத்து வைத்திருந்தேன். ரிப்பன் மை வெளிறிக்கொண்டு வருவதால், தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் எழுத்துமுறையிலா, என் எழுத்துமுறையிலா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவர் எழுத்துமுறையில்தான்: ரொறன்ரோ, ரெலிபோன். 1998 மார்ச் கடிதம் ஒன்றில், ஊரில் நடந்ததைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் ஒரு சொல் மட்டும் தனி வரியில் நிற்கிறது. இரண்டு 'டி'. வெற்றியா, வெட்டியா? கேட்பதற்கு அவர் இல்லை. இரண்டையும் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். இன்னும் 17 கடிதங்கள் பாக்கி.